சிறுதுளை அறுவை மருத்துவம்: வளர்ச்சியும் பயனும் எல்லையும்



பத்தாண்டுகளாகக் கவிதையும் காப்பியமும் சிறுகதையும் பேசிவந்த ஒரு மேடையில், அதன் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், அறுவை மருத்துவம் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. அதற்கான விடை தமிழ் இலக்கியத்திலேயே உள்ளது. திருவள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் இறுதிக் குறளில், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்னும் நான்கு கூறுகளை உடையது மருத்துவம் என்றார். அந்நான்கனுள் முதலில் வைக்கப்பட்டவன் நோயுற்றவனே என்பது கருதத்தக்கது. குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியில், மருத்துவர் உடலை அறுத்தாலும் சுட்டாலும் அவர்பால் நோயாளி கொண்ட அன்பு மாறாத தன்மையை, இறைவன்பால் அடியார் கொண்ட அன்புக்கு உவமையாக்கினார். அறுவை மருத்துவம் பழந்தமிழர் அறியாததன்று என்பதும், நோயாளியின் நம்பிக்கையே அதன் அடித்தளம் என்பதும் இவ்வுவமையால் புலனாகும்.

அந்த நம்பிக்கை இன்று எதன்மேல் நிற்கிறது என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது. "லேப்ராஸ்கோப்பி செய்துவிடலாம்" என்று மருத்துவர் கூறுகிறார், நோயாளி தலையசைக்கிறார், புரியாத மொழியில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் இடுகிறார். "சின்ன ஓட்டைதானே" என்று இலேசாக எண்ணுவோர் ஒருபுறம். "வயிற்றில் காற்றடைப்பார்களாம்" என்று அஞ்சி நோயை முற்றவிடுவோர் மறுபுறம். இருசாராருக்கும் கிட்டாதது ஒன்றே. அது தம் மொழியில் தெளிவான விளக்கம். அவ்விளக்கத்தை இயன்ற அளவு தருவதே இவ்வுரையின் நோக்கம்.

பெயரும் பொருளும்

ஆங்கிலத்தில் மக்கள் வழக்கில் இதனைச் 'சாவித்துளை அறுவை' என்பர். சாவித்துளை வழியாக அறைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல், உடலில் இட்ட சிறு துளை வழியாக உள்ளே நோக்கிச் செய்வதால் இப்பெயர் வந்தது. மருத்துவ உலகம் இதனைக் 'குறைந்த ஊடுருவல் அறுவை' என்கிறது. இத்தொடரை 1980களில் பரப்பியவர்களுள் முதன்மையானவர் பிரித்தானியச் சிறுநீரியல் அறுவை மருத்துவர் ஜான் விக்கம் ஆவார்.

சாவித்துளை என்னும் உருவகம் பார்ப்பதை மட்டுமே உணர்த்துகிறது. ஈண்டு நிகழ்வதோ பார்ப்பது மட்டுமன்று. வெட்டுதல், கட்டுதல், தைத்தல், அகற்றுதல் ஆகிய அனைத்தும் துளை வழியே நடைபெறுகின்றன. ஆதலின் 'துளைவழி அறுவை' என்னும் தமிழ்த் தொடர் பொருளை நிறைவாகச் சுட்டும். உட்புறத்தைக் காட்டும் கருவியை அகநோக்கி என்றும், அதிலும் வயிற்றறையைக் காட்டுவதை வயிற்றறை நோக்கி என்றும் வழங்கலாம். இந்த வயிற்றறை நோக்கியே மக்கள் வாயில் லேப்ராஸ்கோப் என வழங்குவது.

ஒளி தேடிய நெடும்பயணம்

உடலின் உட்புறம் இருள் சூழ்ந்தது. ஆகவே இம்மருத்துவத்தின் வரலாறு பெருமளவு ஒளியை உள்ளே கொண்டுசெல்ல மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறே ஆகும். செர்மானிய நாட்டு மருத்துவர் பிலிப் போட்சினி, மெழுகுவத்தியின் ஒளியைக் கண்ணாடியால் எதிரொளிக்கச் செய்து குழாய் வழியே உடலுக்குள் செலுத்தும் கருவியை 1806இல் விளக்கி எழுதினார். வியன்னாவின் மருத்துவப் புலத்தார் அதனை ஏற்கவில்லை. 1809இல் இளவயதிலேயே அவர் மறைந்தார்.

1901இல் திரெஸ்டன் நகர மருத்துவர் கியார்கு கெல்லிங், நாய் ஒன்றின் வயிற்றறையில் காற்றைச் செலுத்திச் சிறுநீர்ப்பை நோக்கியால் உள்ளுறுப்புகளைக் கண்டார். வயிற்றினுள் ஏற்படும் குருதிப்பெருக்கைக் காற்றழுத்தத்தால் நிறுத்த முடியுமா என்பதே அவருடைய ஆராய்ச்சி. மனிதரிடம் இம்முறையைக் கையாண்டு 1910இல் வெளியிட்டவர் சுவீடன் நாட்டு ஆன்சு கிறித்தியன் யாக்கோபேயசு. 1938இல் அங்கேரி நாட்டு மருத்துவர் யானோசு வெரசு, சுருள்வில் பொருத்திய ஊசி ஒன்றைப் பற்றி எழுதினார். கூர்முனை தசையைக் கடந்ததும் மழுங்கிய உள்முனை வெளிவந்து உறுப்புகளைக் காக்கும் அமைப்புடையது அது. காசநோயாளியின் மார்பறையில் காற்றைச் செலுத்துவதற்காக அவர் அதனை அமைத்தார். காசநோய் மருத்துவத்திற்குப் பிறந்த அவ்வூசி இன்றும் வயிற்றறையில் வாயுவைச் செலுத்தப் பயன்படுகிறது.

ஒளியியலில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியவர் பிரித்தானிய இயற்பியலறிஞர் ஆரல்டு ஆப்கின்சு. முன்னைய கருவிகளில் நீண்ட காற்றிடைவெளியும் இடையிடையே மெல்லிய வில்லைகளும் இருந்தன. அவர் இவ்வமைப்பைத் தலைகீழாக்கினார். நீண்ட கண்ணாடித் தண்டுகளும் அவற்றிடையே குறுகிய காற்றிடைவெளியும் வைத்தார். ஒளி பன்மடங்கு பெருகியது, படம் தெளிந்தது. இதே ஆப்கின்சுடன் இணைந்து, கண்ணாடி இழைக்கற்றை வழியே படத்தைக் கடத்த முடியும் என்று 1954இல் காட்டியவர் பஞ்சாபின் மோகா என்னும் ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. விளக்கின் சூடு உடலினுள் செல்லாமல் ஒளி மட்டும் செல்வதற்கு இவ்விழைகளே வழிவகுத்தன.

எள்ளலும் ஏற்பும்

புதுமையை முதலில் எள்ளி நகையாடுவதும் பின்னர் ஏற்பதும் இலக்கிய உலகிற்கு மட்டும் உரியனவல்ல. செர்மனியின் கீல் நகரைச் சேர்ந்த கூர்ட்டு செம், மகப்பேற்று மருத்துவர். கருவி அமைப்பதிலும் வல்லவர். 1980இல் அவர் வயிற்றறை நோக்கி வழியாகக் குடல்வாலை அகற்றினார். அவரை மருத்துவத் தொழிலிலிருந்து விலக்க வேண்டும் என்று அந்நாட்டு அறுவை மருத்துவத் தலைமையிலிருந்தே குரல் எழுந்தது. அதற்கு முன்பே, இம்முறையை அவர் பரப்பத் தொடங்கியபோது, மூளையைச் சோதித்துக்கொள்ளுமாறு உடன் பணியாற்றியோர் அவரிடம் கூறினர்.

பித்தப்பையை அகற்றும் அறுவையை முதன்முதலாக 1882இல் பெர்லினில் செய்தவர் கார்ல் இலாங்கென்பூக்கு. அதற்கு 103 ஆண்டுகள் கழித்து, 1985 செப்டம்பரில், பேப்லிங்கன் நகரில் எரிக்கு மியூகே என்பவர் அதனை அகநோக்கி வழியாகச் செய்தார். மறு ஆண்டு செர்மானிய அறுவை மருத்துவர் மாநாட்டில் எடுத்துரைத்தபோது அவருக்குக் கிடைத்தது ஏளனமே. 'சிறு மூளைக்காரரின் சிறு கீறல்' என்னும் கேலியும் எழுந்தது. அவரிடம் சிகிச்சை பெற்ற ஒருவர் பின்னர் உயிரிழக்க, அவர்மீது வழக்கும் தொடரப்பட்டது. 1990இல் அவர் அதிலிருந்து விடுபட்டார். 1992இல் அதே சங்கம் அவருக்குப் பரிசளித்துப் பாராட்டியது.

இதற்கிடையே பிரான்சு நாட்டில் இலியோன் நகரத்துப் பிலிப் மூரே 1987இல் இவ்வறுவையைச் செய்தார். அக்காலத்தில் நிகழ்ந்த மற்றொரு மாற்றம் மிக முக்கியமானது. அதுவரை அறுவை மருத்துவர் ஒருவரே ஒற்றைக் கண்ணால் குழாயினுள் நோக்க வேண்டியிருந்தது; உதவியாளருக்கு உள்ளே நடப்பது தெரியாது. சில்லு பொருந்திய சிறு ஒளிப்படக்கருவி வந்தபின் காட்சி திரையில் விரிந்தது. மருத்துவர், உதவியாளர், செவிலியர், மாணவர் அனைவரும் ஒன்றையே கண்டனர். ஒருவர் கலையாக இருந்தது கூட்டுப்பணியாக மாறியது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே இம்முறை உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் 1990இல் மும்பையில் மருத்துவர் தெகம்தன் உத்வாடியா இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். நோயறிவதற்காக வயிற்றறை நோக்கியை அவர் அதற்குப் பல்லாண்டு முன்பிருந்தே கையாண்டு வந்தார். தமிழகத்தில் கோவையைச் சேர்ந்த மருத்துவர் சி. பழனிவேலுவின் பணி உலகறிந்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மார்பில் துளையிட்டு அறுவை செய்யும் முறையில், 130 நோயாளிகளிடம் பெற்ற பட்டறிவை அவரும் அவர் குழுவினரும் 2006இல் வெளியிட்டனர். வேறு நாடுகளின் மருத்துவர்களும் அதனைப் பயின்றனர்.

செயல்படும் முறை

பித்தப்பை அறுவையைச் சான்றாகக் கொண்டால் இம்முறை எளிதில் விளங்கும். நோயாளிக்கு முழு மயக்கம் அளிக்கப்படுகிறது. தொப்புளருகே சிறு துளையிட்டு வயிற்றறையினுள் கரியமில வாயு செலுத்தப்படுகிறது. வயிற்றுச் சுவர் கூடாரம்போல் மேலெழும்ப, உறுப்புகளுக்கும் சுவருக்கும் இடையே பணிசெய்ய இடம் கிடைக்கிறது. அழுத்தம் பெரும்பாலும் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவைக் கடவாது. கருவி அதனைத் தானே அளந்து காக்கும். 'காற்றடைத்தல்' என்று மக்கள் அஞ்சுவது இதனையே.

கரியமில வாயுவைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உள. அது தீப்பற்றாது, ஆகவே மின்வெப்பத்தால் குருதியை உறையச் செய்யும் கருவியை அச்சமின்றிக் கையாளலாம். அது குருதியில் எளிதில் கரைந்து நுரையீரல் வழியே மூச்சுடன் வெளியேறிவிடும். விலையும் குறைவு. அறுவைக்குப்பின் இரண்டொரு நாள் தோள்பட்டையில் வலி தோன்றுவதுண்டு. 'வயிற்றில் அறுத்தால் தோள் ஏன் வலிக்கிறது' என்று நோயாளிகள் திகைப்பர். வாயுவால் உறுத்தலுற்ற உதரவிதானத்தின் நரம்பும் தோள்தோலின் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து கிளைப்பதே காரணம். இது தானே தணியும்.

பித்தப்பைக்குப் பொதுவாக நான்கு துளைகள் இடப்படும். அவை 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஒன்றன் வழியே அகநோக்கியும் பிறவற்றின் வழியே நீண்ட மெல்லிய பற்றுகருவி, கத்தரி, பிடிப்பான் முதலியனவும் செல்லும். பித்தப்பையின் குழாயையும் தமனியையும் கொழுப்பிலிருந்து விடுவித்து, இவை இரண்டன்றி வேறொன்றும் பித்தப்பைக்குள் செல்லவில்லை என்று உறுதி செய்தபின்னரே அவற்றைப் பிடிப்பானால் மூடி வெட்ட வேண்டும். பாதுகாப்பான காட்சி எனப்படும் இக்கோட்பாட்டை அமெரிக்க மருத்துவர் சுடீவன் சுடிராசுபர்கும் அவர் குழுவினரும் 1995இல் வகுத்தனர். பின்னர் கல்லீரலிலிருந்து பித்தப்பை பிரிக்கப்பட்டு, சிறு பையிலிட்டுத் துளை வழியே எடுக்கப்படும்.

இப்பணியின் அருமையை உணர மருத்துவரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வயிற்றுச் சுவரில் கருவி ஊன்றி நிற்பதால், கை வலப்புறம் அசைந்தால் உள்முனை இடப்புறம் செல்லும். திரையில் நீளமும் அகலமும் தெரியும்; ஆழம் தெரியாது. விரலால் தொட்டு உணரும் வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடும். ஆகவே திறந்த அறுவையில் தேர்ந்தவரும் இதனைப் புதிதாகக் கற்க வேண்டியவரே.

இம்முறை பரவிய தொடக்க ஆண்டுகளே இதற்குச் சான்று. திறந்த அறுவையில் பொதுப் பித்தநாளம் காயமுறுவது ஆயிரத்தில் ஒருவர் அல்லது இருவருக்கே. துளைவழி முறையின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஐவராக உயர்ந்தது. பயிற்சியும் மேற்கூறிய கோட்பாடும் பரவிய பின்னரே அது குறையலாயிற்று.

பொதுவான பயன்கள்

வலியோ அழற்சியோ தரும் பித்தப்பைக் கற்களுக்கு இன்று உலகெங்கும் துளைவழி முறையே முதன்மையானது. 1992இல் அமெரிக்க நாட்டு நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் அவை, பெரும்பாலான நோயாளிகளுக்கு இது பாதுகாப்பானது, பயனுள்ளது என்று முடிவு கூறியது. விலா எலும்பின் கீழ் ஒரு சாணளவு நீளும் வடுவுக்கு மாறாக விரல்நுனியளவு வடுக்கள். ஒரு வாரத்திற்கு மாறாக ஓரிரு நாள் மருத்துவமனை வாழ்வு. சில வாரங்களில் அன்றி ஓரிரு வாரத்தில் இயல்பான பணி. நாட்கூலியை நம்பி வாழும் ஒருவருக்கு இவ்வேறுபாடு வெறும் வசதியன்று. அடுப்பெரிவதும் எரியாமல் போவதும் ஆகும். எனினும், எவ்விதத் தொல்லையும் தராது கிடக்கும் கல்லுக்குப் பெரும்பாலும் அறுவையே வேண்டியதில்லை என்பதையும் உடன் அறிதல் நலம்.

குடல்வால் அழற்சியில் மற்றொரு சிறப்புண்டு. இளம்பெண்ணின் அடிவயிற்று வலி குடல்வாலாலா சினைப்பையாலா என்று வெளிச்சோதனையில் தெளியாதபோது, அகநோக்கி இரண்டையும் காட்டிவிடும். குடலிறக்கத்தில் வலைப்பின்னல் துணி ஒன்றை வயிற்றுச் சுவரின் உட்புறத்தே பொருத்துவர். இருபுறமும் இறக்கம் உள்ளவர்க்கும், முன்னர் முன்புறமாகத் திறந்து செய்து மீண்டும் வந்தவர்க்கும் இது ஏற்றது. ஆயினும் இதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டும். முதுகுத்தண்டில் ஊசியிட்டோ அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தோ திறந்த முறையில் செய்வது முதியோர் சிலருக்குப் பொருத்தமாக இருக்கும்.

மகளிர் மருத்துவமே இத்துறையின் தாய்வீடு எனலாம். கருக்குழாயில் தங்கிய கரு, சினைப்பைக் கட்டி, கருப்பை உட்சவ்வு வேறிடத்தில் வளரும் நோய், நார்க்கட்டி, மகப்பேறின்மைக்கான சோதனை ஆகியவற்றிற்கு இது பெரிதும் பயன்படுகிறது. 1977இல் இங்கிலாந்தில் மருத்துவர் பாட்ரிக் சுடெப்டோ ஒரு பெண்ணின் சினைப்பையிலிருந்து முட்டையை அகநோக்கி வழியாகவே எடுத்தார். அதிலிருந்து 1978 சூலை 25ஆம் நாள் பிறந்தவரே உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான உலூயிசு பிரவுன். மக்கட்பேறு வேண்டி ஏங்கிய எண்ணற்ற இல்லங்களில் தொட்டில் ஆடியதற்கு ஒரு சிறு துளையும் காரணமாயிற்று.

சிறுநீரகக் கொடையில் இதன் பயன் தனித்துக் குறிப்பிடத்தக்கது. கொடையாளர் நோயாளியல்லர், பிறர்க்காகத் தம் உடலை அறுக்க உடன்படும் நலமானவர். முற்காலத்தில் அவர் இடுப்புப்பக்கத்தில் நீண்ட வடுவும் நெடுநாள் வலியும் ஏற்க வேண்டியிருந்தது. சிலவேளை விலா எலும்பின் ஒரு பகுதியையும் இழக்க நேர்ந்தது. 1995இல் அமெரிக்காவின் பால்டிமோரில் துளைவழியே கொடைச் சிறுநீரகம் எடுக்கப்பட்டபின் அத்துன்பம் குறைந்தது. இந்தியாவில் உயிருடன் இருந்து உறுப்பு ஈவோரில் பெரும்பாலோர் தாயராகவும் மனைவியராகவும் இருப்பதை நினைத்தால் இப்பயனின் பெருமை விளங்கும்.

மூட்டினுள் நோக்கும் முறை சப்பானில் வளர்ந்தது. கெஞ்சி தக்காகி 1918இல் இறந்தவரின் முழங்காலை அகநோக்கியால் கண்டார். அவர் வழிவந்த மசாகி வத்தனாபே 1962இல் கிழிந்த குருத்தெலும்பை அவ்வழியே அகற்றினார். இன்று தசைநார் கிழிந்த விளையாட்டு வீரர் பலர் மீண்டும் களமிறங்குவது இம்முறையால்தான். மார்பறை, பெருங்குடல், உடற்பருமன், சிறுநீரகக் கல், மூக்கருகேயுள்ள எலும்பறை என இதன் பரப்பு விரிந்துகொண்டே செல்கிறது. எந்திரக் கரங்களின் துணையும் வந்துள்ளது. 2001 செப்டம்பர் 7ஆம் நாள் நியூயார்க்கில் அமர்ந்திருந்த மருத்துவர் குழு, பிரான்சின் சிடிராசுபூர்கு நகரில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை எந்திரக் கரங்களால் அகற்றியது. எந்திரம் தானே முடிவெடுப்பதில்லை. மருத்துவரின் கையசைவையே அது பின்பற்றுகிறது.

எல்லை அறிதல்

சிறியது எப்போதும் சிறந்தது என்று கொள்ளுதல் பிழை. பெருங்குடல் புற்றுநோயில் 872 நோயாளிகளை ஆராய்ந்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு, துளைவழி முறையும் திறந்த முறையும் பயனில் ஒத்தன என்று காட்டியது. ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோயில் 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வு வேறு முடிவைத் தந்தது. நாலரை ஆண்டுகளின் முடிவில் நோயின்றி இருந்தோர் திறந்த முறையில் 96.5 விழுக்காட்டினர், துளைவழி முறையில் 86 விழுக்காட்டினரே. வடு சிறிதாயினும் வாழ்நாள் குறையுமெனின் அச்சிறுமையால் யாது பயன்? அதன்பின் அந்நோய்க்குத் திறந்த முறையே தக்கது என்னும் கருத்து வலுப்பெற்றது.

2014இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், நார்க்கட்டியை உள்ளேயே பொடித்து எடுக்கும் கருவி பற்றி எச்சரித்தது. நார்க்கட்டி என்று கருதப்பட்டதில் புற்று மறைந்திருப்பின் அது வயிறெங்கும் சிதறும் என்பதே காரணம். முழங்கால் தேய்மானத்திற்கு மூட்டினுள் கழுவிச் சுரண்டும் அறுவை, வெறும் தோற்கீறலைவிட மேம்பட்டதன்று என்று 180 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2002இல் காட்டியது. துளை சிறிதாவதால் தேவையற்ற அறுவை தேவையானதாகிவிடாது. தேவையின்றிப் பெண்களின் கருப்பை அகற்றப்படுவதைத் தடுக்கும் நெறிமுறைகளை நடைமுறைப்படுத்துமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல் மாநிலங்களைப் பணித்ததும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மற்றொரு தெளிவும் தேவை. துளைவழியே தொடங்கிய அறுவை, உறுப்புகள் ஒட்டிக்கிடத்தல், குருதிப்பெருக்கு, காட்சி தெளியாமை போன்ற காரணங்களால் திறந்த முறைக்கு மாற்றப்படுவதுண்டு. 'மருத்துவர் தோற்றுவிட்டார்' என்று உறவினர் சினப்பர். அது தோல்வியன்று; நோயாளியின் உயிரை வடுவினும் பெரிதாக மதித்த அறிவுடைமை. இதனை முன்கூட்டியே சொல்லிவைப்பது மருத்துவர் கடமை. கேட்டுத் தெளிவது நோயாளி உரிமை.

மறக்கலாகாத ஒரு துயரம்

இம்மருத்துவம் நம் நாட்டில் மிகப் பல ஏழைப் பெண்களைச் சென்றடைந்தது கருத்தடை முகாம்கள் வழியாகத்தான். அகநோக்கியால் கருக்குழாயில் வளையமிடும் இவ்வறுவை சில நிமிடங்களில் முடிவது. விரைவாக முடியும் என்பதே அதன் பயன். அதுவே அதன் கேடாகவும் ஆயிற்று. 2014 நவம்பரில் சத்தீசுகர் மாநிலம் பிலாசுபூர் மாவட்டத்தில் நடந்த முகாமில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். ஒரு நாளைக்கு 30 என்னும் வரம்பு ஏட்டளவில் நின்றது. அம்முகாமிலும் அதனையொட்டிய முகாமிலுமாகப் பத்துக்கு மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தனர். தொற்றா, நச்சு கலந்த மருந்தா என்று வழக்காடினர். தாயை இழந்த குழந்தைகளுக்கு இவ்வழக்காட்டால் ஆவது யாது? 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்துமாறு ஆணையிட்டது.

கருவி குற்றமுடையதன்று. தூய்மை, போதிய நேரம், தேர்ந்த கை, பின்கவனிப்பு ஆகியன இல்லாத இடத்தில் அரை அங்குலத் துளையும் ஆளை விழுங்கும் கிணறாகும் என்பதே இத்துயரம் உணர்த்தும் பாடம். ஆடவர்க்கான கருத்தடை இதனினும் எளியது; வயிற்றறையைத் திறவாமலே செய்யத்தக்கது. எனினும் அறுவை மேசையில் படுப்பவர் பெரும்பாலும் பெண்களே. இதற்குக் காரணம் மருத்துவத்தில் இல்லை. சமுதாயத்தின் மனத்தில் உள்ளது.

கேட்டுத் தெளிய வேண்டியவை

அறுவைக்கு உடன்படுமுன் நோயாளியும் குடும்பத்தாரும் கேட்டறிய வேண்டிய வினாக்கள் சில. இந்நோய்க்கு அறுவை வேண்டுமா, வேறு வழியுண்டா? துளைவழி முறை இவருடைய உடல்நிலைக்குப் பொருந்துமா? இதயமோ நுரையீரலோ தளர்ந்தவராயின் வாயுவின் அழுத்தத்தைத் தாங்குவாரா? மருத்துவர் இவ்வறுவையை வழக்கமாகச் செய்பவரா? திறந்த முறைக்கு மாற்ற நேருமாயின் அதற்கான ஏற்பாடு அம்மருத்துவமனையில் உண்டா? செலவு எவ்வளவு? இவ்வாறு கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது. அறிந்து வைத்த நம்பிக்கையே உறுதியான நம்பிக்கை.

வீடு திரும்பியபின் நினைவில் இருத்த வேண்டிய நெறி ஒன்றுண்டு. துளைவழி அறுவைக்குப்பின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடுமாயினும், காய்ச்சல், இடைவிடாத வாந்தி, வயிற்று உப்புசம், கண் மஞ்சளித்தல், துளையில் சீழ் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். 'சின்ன ஓட்டைதானே, சரியாகிவிடும்' என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் காத்திருத்தல் உயிருக்கே இறுதியாகலாம். வெளியே உள்ள துளை சிறிது. உள்ளே நடந்த அறுவை பெரிது.

தமிழின் கடமை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிசுக் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல் உள்ளிட்ட நூல்களைத் தமிழாக்கி அச்சேற்றினார். தமிழில் மருத்துவம் சொல்ல இயலுமா என்னும் ஐயத்திற்கு ஓர் அயல்நாட்டார் நூற்றாண்டுக்கு முன்பே விடையளித்துவிட்டார். இன்று வேண்டுவது ஐயமன்று, உழைப்பு. ஒவ்வோர் ஒப்புதல் படிவமும் எளிய தமிழில் அமைதல் வேண்டும். எழுத்தறியாதவர்க்கு அது வாய்மொழியாகப் படித்துக் காட்டப்பெறல் வேண்டும். சொற்களைத் திரட்டுவதிலும் வாக்கியங்களைத் தெளிவாக்குவதிலும் மருத்துவரும் தமிழறிஞரும் ஒருங்கே அமர்தல் வேண்டும்.

இவ்விலக்கிய வட்டத்தைப் போன்ற அமைப்புகள் ஆண்டுக்கு ஒரு மருத்துவரை அழைத்து, ஒரு நோயைத் தமிழில் விளக்கச் செய்து, அதனைச் சிறு வெளியீடாக்கி ஊரிலுள்ள மருத்துவமனைகளில் வைக்குமாயின், அது தமிழுக்கும் தொண்டு, உயிர்க்கும் தொண்டு. தான் கையொப்பமிடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தாய் அறிந்தபின் அறுவை அரங்கினுள் செல்வாளாயின், தமிழ் அவளுக்கு ஆற்ற வேண்டிய பணியை ஆற்றியதாகும். அந்தப் பணிக்கு இந்தப் பத்தாம் ஆண்டு விழா தொடக்கமாக அமைக. இலக்கிய வட்டம் பல்லாண்டு வளர்க.